ஓடியது, ஆனால் முட்டைக்குள் போகவில்லை

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை தெர்மாக்கோல் பெட்டி ஒன்று எங்கள் ஆய்வகத்துக்கு வந்தது. உள்ளே நான்கு ஜெல் பேக், நடுவில் பஞ்சில் சுற்றிய ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாய். குழாய்க்குள் பட்டாணியைவிடச் சிறிய இரண்டு சதைத் துண்டுகள். ஓர் ஆண் சுண்டெலியின் எபிடிடிமிஸின், அதாவது விரையை ஒட்டி இருக்கும் சுருள் நாளத்தின், வால்பகுதிகள் அவை. ஆய்வகத்தில் நாங்கள் 'காடா' என்றுதான் சொல்வோம். விந்தணு முதிர்ந்து, அடங்கி, காத்திருக்கும் இடம் அது. குழாயைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். திரவத்துக்குள் ஊசி ஊசியாகப் பனி.

உறையும்போது காக்கும் பொருள் எதுவும் சேர்க்காமல் உறைந்த விந்தணுவில் உயிர் மிஞ்சாது. நம்பிக்கை போகாமல் ஒரு துண்டை வெட்டி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். கொக்கி வடிவத் தலைகள் ஆயிரக்கணக்கில் கிடந்தன. ஒன்றும் அசையவில்லை. அனுப்பிய ஆய்வகத்துக்கு எப்படிப் பொட்டலம் கட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவள் நான். 'ஐஸ் பேக் வைத்து அனுப்பவும்' என்று மட்டும் எழுதியிருந்தேன். அவர்கள் மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசரில் இருந்து எடுத்ததை அப்படியே வைத்துவிட்டார்கள். நான் சொல்லாததை அவர்கள் எப்படிச் செய்வார்கள்?

விந்தணுவை உறையவிடாமல் குளிரில் வரவழைத்துக் கருவூட்ட அன்று தொடங்கிய வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன். பெங்களூரில் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தின் விலங்குக்கூடத்தில், மரபணு மாற்றிய சுண்டெலிகளைப் பேணும் பிரிவில் எனக்கு வேலை. இதே சிக்கலில் மாட்டும் யாருக்காவது என் குறிப்பேடு உதவினால் சில விலங்குகளின் உயிராவது மிஞ்சும்.

ஏன் குளிரில் அனுப்புகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு ஊரில் உள்ள சுண்டெலி வகை இன்னொரு ஊருக்கு வேண்டுமென்றால் மூன்று வழி உண்டு. உயிருள்ள விலங்கையே அனுப்பலாம். வெயிலில், லாரியில், விமானநிலையத்தில் அது படும் பாடு ஒருபுறம். வந்த இடத்தில் கிருமி பரவாமல் இருக்க வாரக்கணக்கில் தனிமையில் வைக்க வேண்டும் என்பது மறுபுறம். இரண்டாவது வழி, விந்தணுவை உறைய வைத்துத் திரவ நைட்ரஜன் கலனில் அனுப்புவது. அதற்கு அனுப்புகிறவரிடம் உறைய வைக்கும் வசதியும் கைப்பழக்கமும் இருக்க வேண்டும்; கலன் விலையும் அதிகம், அனுப்பிய கலன் திரும்பியும் வர வேண்டும். மூன்றாவது வழிதான் இது. காடாவை அப்படியே எடுத்து, பாதுகாப்புத் திரவத்தில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியின் குளிரில், உறையவிடாமல் அனுப்புவது. கத்தரிக்கோல், குழாய், குளிர்பெட்டி இருந்தால் எந்த ஆய்வகமும் செய்யலாம்.

இதை ஒரு முறைமையாக வளர்த்தெடுத்தவர்கள் ஜப்பானில் குமமோட்டோ பல்கலைக்கழகத்தின் 'கார்ட்' என்ற விலங்குவள மையத்தினர். நவோமி நகாகாட்டா, தோரு தாக்கேயோ இருவரின் குழு 2012இல் குளிரில் காடாவை அனுப்பும் முறையை வெளியிட்டது. உறுப்பு மாற்று சிகிச்சைக்காக எடுத்த உறுப்புகளைக் கெடாமல் வைக்க உருவான 'லைஃபார்' என்ற திரவத்தை அவர்கள் இதற்குப் பயன்படுத்தினார்கள். ஒரு சிறுநீரகத்தைக் காப்பாற்றும் திரவம் விந்தணுவையும் காப்பாற்றும் என்று யோசித்த அந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். 2017இல் அதே குழு டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானும் குவர்செட்டினும் சேர்த்தால் பத்து நாள் வரை விந்தணுவின் வளம் நிற்கும் என்று காட்டியது. குவர்செட்டின் வேறெதுவுமில்லை, நம் வெங்காயத்தில் நிறைய இருக்கும் பொருள்தான். ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும்.

பத்து நாள் எங்களுக்குத் தேவைப்படவில்லை. 48 மணி நேரம் போதும், கூரியர் ஒரு நாள் தாமதித்தால் 72. அதற்குள் எங்கள் கையில் முட்டை கருவுற வேண்டும்.

அவசரத்துக்கும் காரணம் இருந்தது. அனுப்பிய ஆய்வகத்தில் அந்த வகையில் இரண்டே ஆண்கள் இருந்தன. ஒன்று அந்தப் பனிக்குழாயோடு போய்விட்டது. மிச்சம் இருந்தது 14 மாத வயதுக்காரன் ஒருவன். சுண்டெலிக்கு அது கிழப்பருவம். பெண்களோடு விட்டும் பல வாரங்களாகக் குட்டி இல்லை. அவனுடைய இரண்டு காடாக்களை விட்டால் அந்த வகை இல்லை. அதனால் எங்கள் கூடத்திலேயே எல்லாவற்றையும் சோதித்து, ஒவ்வொரு படியும் கைக்கு வந்த பிறகுதான் அவனைத் தொட வேண்டும் என்று முடிவெடுத்தோம். விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கினோம். ஓய்வுபெறும் நிலையில் இருந்த பிளாக் சிக்ஸ் ஆண்களை, அதாவது சி57 பிளாக் 6 வகையை, சோதனைக்கு எடுத்தோம்.

முதல் வேலை: குளிரைப் பிடிப்பது

எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் முகப்பில் '4' என்று எரியும். அதை நம்பித்தான் இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறோம். மூன்று வெப்பமானிகளை வாங்கி, பின்சுவரை ஒட்டி ஒன்று, நடுத்தட்டில் ஒன்று, கதவில் ஒன்று என்று வைத்தேன். ஒரு நாள் முழுக்க மணிக்கொரு முறை குறித்தேன். பின்சுவர் ஓரம் கம்ப்ரஸர் ஓடும்போதெல்லாம் பூஜ்யத்துக்கு ஒட்டிப் போய் வந்தது. கதவு பத்தைத் தாண்டியது. நடுத்தட்டு மட்டும் ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவே நின்றது.

கூடத்தில் இருபது வருடமாக வேலை செய்யும் அண்ணன் ஒருவர் இருக்கிறார், ஓசூர்ப் பக்கத்துக்காரர். நான் குறித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏம்மா, வீட்ல பின்னாடி தள்ளி வச்ச தக்காளி உறைஞ்சுதான போவுது. நடுவுல ரெண்டு பாட்டில் தண்ணி வை. கதவைத் தொறந்தாலும் குளிர் நிக்கும்."

அப்படியே செய்தேன். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் இரண்டு, நடுவில் மூடி போட்ட சின்னப் பெட்டி, அதற்குள் குழாய். கதவை அடிக்கடி திறந்தாலும் பெட்டிக்குள் ஒரு டிகிரிகூட ஆடவில்லை. இதில் பெரிய அறிவியல் எதுவும் இல்லை. ஆனால் இதைச் செய்யாமல் விட்டிருந்தால் பின்னால் வந்த எந்த முடிவையும் நம்பியிருக்க முடியாது.

பயணப் பெட்டிக்கும் இதே கணக்குத்தான். ஜெல் பேக்கை ஃப்ரீசரில் வைக்கவே வேண்டாம். குளிர்சாதனப் பெட்டியின் நடுத்தட்டில் ஒரு இரவு வைத்தால் போதும். குழாயைப் பஞ்சில் சுற்றி, வாயகன்ற தெர்மாஸ் ஃபிளாஸ்கில் இறக்கி, அதே குளிரில் இருந்த சின்ன ஜெல் பேக்குகளைச் சுற்றிலும் செருகி, ஃபிளாஸ்கைத் தெர்மாக்கோல் பெட்டிக்குள் வைத்து, இடைவெளியில் குளிர வைத்த பெரிய ஜெல் பேக். வெப்பநிலை பதியும் சின்னக் கருவி ஒன்று ஃபிளாஸ்குக்குள். இதை எங்கள் கட்டடத்தின் மொட்டைமாடியில், ஏப்ரல் வெயிலில், நிழலும் வெயிலும் மாறி மாறி விழும் இடத்தில் இரண்டு நாள் வைத்துப் பார்த்தேன். முதல் முறை 36ஆம் மணியில் பத்தைத் தாண்டிவிட்டது. வெளிப்பெட்டியின் ஜெல் பேக்கை இரட்டிப்பாக்கிய பிறகு 48 மணி வரை எட்டுக்குள் நின்றது.

காடாவை எடுக்கும் விதம்

விந்தணுவைப் பிழிந்து எடுத்து அனுப்பாமல் ஏன் உறுப்போடு அனுப்புகிறோம் என்று புதிதாக வந்த மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. காடாவுக்குள் இருக்கும்வரை விந்தணு அடங்கிக் கிடக்கிறது. நெருக்கியடித்து, அசையாமல், தன் சக்தியைச் செலவழிக்காமல். ஊட்டத்திரவத்தில் விட்ட மறுநிமிடம் நீந்தத் தொடங்கிவிடும். நீந்தினால் களைக்கும், முதிரும், கெடும். இயற்கை கட்டிக்கொடுத்த கிடங்கு அது. கிடங்கோடு அனுப்புவதே நல்லது.

எடுக்கும்போது கவனிக்க வேண்டியது இரத்தமும் கொழுப்பும். ஒட்டியிருக்கும் கொழுப்பைக் கூர்க்கத்தரியால் நீக்கி, வடிதாளில் மெல்ல ஒற்றி எடுக்க வேண்டும். நாளத்தில் கீறல் விழக்கூடாது. விழுந்தால் பால் போல வெள்ளையாகக் கசிவது கண்ணுக்கே தெரியும். அந்தத் துண்டை அனுப்பக் கூடாது. குழாயை விளிம்புவரை திரவத்தால் நிரப்பி, காற்றுக்குமிழ் இல்லாமல் மூட வேண்டும். குமிழ் இருந்தால் வண்டி குலுங்கும்போது சதை அதில் மோதி மோதி உலரும்.

இன்னொன்று. அறை வெப்பத்தில் இருக்கும் குழாயைச் சட்டென்று குளிரில் வைக்காதீர்கள். விந்தணுவின் மேல்சவ்வு கொழுப்பால் ஆனது. குளிரக் குளிர அது திரவ நிலையிலிருந்து இறுகிய நிலைக்குப் போகும். சட்டென்று இறுகினால் ஆங்காங்கே வழுவி, ஓட்டை விழும். குளிரில் தேங்காய் எண்ணெய் உறையும்போது ஒரே சீராக உறையாமல் திட்டுத் திட்டாக உறைவதைப் பார்த்திருப்பீர்கள். சவ்வில் நடப்பதை எனக்கு நானே அப்படித்தான் விளக்கிக்கொண்டேன். குழாயை அறை வெப்பத்தில் இருக்கும் ஒரு குவளைத் தண்ணீரில் நிறுத்தி, குவளையோடு குளிரில் வைத்தால் மெதுவாக இறங்கும்.

இரண்டு காடா, ஒரே விலங்கு

சோதனைக்கு நாங்கள் கண்ட வழி எளிமையானது. ஒவ்வொரு ஆணுக்கும் இரண்டு காடா. ஒன்றை அன்றே பயன்படுத்துவோம், மற்றதைக் குளிரில் வைப்போம். இரண்டும் ஒரே உடலிலிருந்து வந்தவை என்பதால் 'அந்த ஆண் நல்லவன், இந்த ஆண் மோசம்' என்ற குழப்பம் வராது. விலங்கின் எண்ணிக்கையும் பாதியாகும்.

முட்டைக்கு நான்கு வார வயதுப் பெண் சுண்டெலிகள். மாலை ஐந்து மணிக்கு முதல் ஹார்மோன் ஊசி, 48 மணி கழித்து அதே நேரத்தில் இரண்டாவது ஊசி, அதிலிருந்து பதினைந்து பதினாறு மணி கழித்து, அதாவது மறுநாள் காலை எட்டு ஒன்பது மணிக்கு, சினைக்குழாயிலிருந்து முட்டை. இந்தக் கணக்கில் ஒரு மணி பிசகினாலும் வேலை கெடும். காடா வரும் நாளை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டுத்தான் முதல் ஊசியை முடிவு செய்ய வேண்டும். கூரியர் வரவில்லை என்றால் அத்தனை பெண்களும் வீண். அந்தப் பயத்தில் பல இரவு எனக்குத் தூக்கம் வந்ததில்லை.

முதல் தொகுதியில் காடாவை எம்2 திரவத்தில் வைத்தோம். கார்பன் டை ஆக்சைடு இல்லாமலே அமில-காரச் சமநிலை கெடாத திரவம் என்பதால் எல்லா ஆய்வகத்திலும் கையில் இருக்கும். 24 மணிக்குப் பிறகு பார்த்தபோது நன்றாகவே ஓடின. 48 மணியிலும் ஓட்டம் இருந்தது. வேகம் குறைந்திருந்தது, ஆனால் டிஷ்ஷின் ஓரம்வரை பரவி நீந்தின. எல்லாருக்கும் மகிழ்ச்சி. முட்டைகளோடு சேர்த்து இன்குபேட்டரில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை எண்ணினேன். அன்றன்றே எடுத்த காடாவின் டிஷ்ஷில் பத்துக்கு ஏழு முட்டை கருவுற்று இரண்டு செல்லாகப் பிரிந்திருந்தது. குளிர்க்காடாவின் டிஷ்ஷில் பத்துக்கு ஒன்றுகூட இல்லை. விந்தணு சேர்க்காத கட்டுப்பாட்டு டிஷ்ஷில் இருந்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமே தெரியவில்லை. (இந்தக் கட்டுப்பாட்டு டிஷ்ஷை யாரும் விட்டுவிடாதீர்கள். முட்டை தானாகச் சிதைந்து இரண்டாகத் தெரிவதுண்டு. அதைக் கரு என்று எண்ணி ஏமாந்தவர்கள் நிறைய.)

மறுபடியும் செய்தோம். மறுபடியும் அதே. ஓட்டம் இருக்கிறது, கரு இல்லை.

மூன்றாம் முறை, விந்தணு சேர்த்த மூன்று மணி நேரம் கழித்து டிஷ்ஷை எடுத்து உருப்பெருக்கத்தைக் கூட்டிப் பார்த்தேன். அந்தக் காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. முட்டையைச் சுற்றிக் கண்ணாடிக் கூடு போல ஒரு உறை உண்டு, ஜோனா என்போம். ஒவ்வொரு முட்டையின் ஜோனாவிலும் பத்து இருபது விந்தணு தலையை ஒட்டிக்கொண்டு வாலை அடித்துக்கொண்டிருந்தது. அடிக்கிற அடியில் முட்டையே மெல்ல ஆடியது. ஆனால் ஒன்றுகூட உள்ளே போகவில்லை. கதவருகே வந்து நின்று தள்ளுகிறார்கள், கதவு திறக்கவில்லை.

அதுவரை நாங்கள் விந்தணுவை எப்படி இன்னும் நன்றாக ஓடவைப்பது என்றே யோசித்துக்கொண்டிருந்தோம். திரவத்தை மாற்றலாமா, குளுக்கோஸ் கூட்டலாமா, வெப்பத்தை எப்படி ஏற்றலாம் என்று. தடை இருந்த இடம் வேறு.

பூட்டு முட்டையில்

குளிரில் இரண்டு நாள் கிடந்த விந்தணு நீந்தும். ஆனால் இரண்டு விஷயத்தில் அது பின்தங்குகிறது. ஒன்று, முட்டைக்குத் தயாராகும் முதிர்ச்சி. சவ்விலிருந்து கொலஸ்ட்ரால் வெளியேறினால்தான் விந்தணு துளைக்கும் நிலைக்கு வரும். சாதாரண ஊட்டத்திரவத்தில் இந்த வேலையைப் புரதமான ஆல்புமின் மெதுவாகச் செய்கிறது. இரண்டு, ஜோனாவை முட்டித் துளைக்கும் வலு.

இந்தச் சிக்கல் உறைந்த விந்தணுவிலும் உண்டு. அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. சுண்டெலி விந்தணுவை உறைய வைக்கும் வழி 1990இல்தான் கைகூடியது. ஜப்பானியர்கள் ராஃபினோஸ் என்ற சர்க்கரை 18 சதவீதம், கொழுப்பு நீக்கிய பால்தூள் 3 சதவீதம் கலந்த கரைசலைக் கண்டுபிடித்தார்கள். மனித விந்தணுவையும் காளை விந்தணுவையும் அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே உறைய வைத்தாயிற்று; சுண்டெலிக் கருக்களையே 1972இல் உறைய வைத்துப் பிழைக்கவைத்துவிட்டார்கள். சுண்டெலி விந்தணு மட்டும் அத்தனை காலம் அடம்பிடித்தது. கரைசல் வந்த பிறகும், உலகமெங்கும் அதிகம் புழங்கும் பிளாக் சிக்ஸ் வகையில் கருவுறுதல் மிக மோசமாகவே இருந்தது. 2008ஐ ஒட்டித்தான் அதற்குத் தீர்வு வந்தது. அதில் ஒன்று தாக்கேயோ குழுவின் மெத்தில்-பீட்டா-சைக்ளோடெக்ஸ்ட்ரின். சர்க்கரை மூலக்கூறுகளால் ஆன சின்ன வளையம் அது. உட்குழிவில் கொலஸ்ட்ராலைப் பிடித்துச் சவ்விலிருந்து உருவிவிடும். ஆல்புமின் மெதுவாகச் செய்வதை இது சட்டென்று செய்துவிடுகிறது.

அடுத்தது குளூட்டாதயோன். நம் உடல் செல்களிலேயே இருக்கும் பொருள். ஜோனாவின் புரதங்கள் கந்தக இணைப்புகளால் ஒன்றோடொன்று கோத்துக் கிடக்கின்றன. முட்டையை வெளியே எடுத்து வைத்திருக்க வைத்திருக்க உறை இறுகும். குளூட்டாதயோன் அந்தக் கந்தகக் கண்ணிகளை அவிழ்க்கிறது. உறை தளர்கிறது. களைத்து வந்தவனும் உள்ளே நுழையலாம்.

இதெல்லாம் உறைந்த விந்தணுவுக்குத்தான் என்று என் மனதில் பதிந்திருந்தது. குளிர்க்காடாவுக்கும் குமமோட்டோக்காரர்கள் இதே இரண்டையும் சேர்த்துத்தான் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பதைக் கட்டுரையைத் திரும்பப் படித்தபோதுதான் கவனித்தேன். நான் முதலில் படித்தபோது பாதுகாப்புத் திரவத்தின் பெயரை மட்டும் தேடிக் குறித்துக்கொண்டு மிச்சத்தைத் தாண்டியிருந்தேன்.

லேசரால் ஜோனாவில் ஓட்டை போடலாம் என்று ஒரு யோசனை வந்தது. எங்களிடம் கருவி இல்லை. விந்தணுவை நேரே முட்டைக்குள் ஊசியால் செலுத்தலாம். சுண்டெலி முட்டைக்கு அதிர்வூசி வேண்டும், நல்ல கைப்பழக்கம் வேண்டும், ஒரு நாளில் செய்யக்கூடிய முட்டையும் குறைவு. ஒரு சிட்டிகை வெள்ளைத்தூள் செய்யும் வேலைக்கு அத்தனை பாடு எதற்கு?

செய்து பார்த்தது

லைஃபார் வந்து சேர்ந்ததும் எம்2ஐ விட்டுவிட்டோம். மற்ற மாற்றங்கள் இவை.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்த குழாயை அறை வெப்பத்தில் பத்து நிமிடம் விட்டேன். பிறகு காடாவை எடுத்து, வடிதாளில் ஒற்றி, மினரல் ஆயிலுக்குள் வைத்தேன். எண்ணெய்க்குள்ளேயே கூர்க்கத்தரியால் நாளத்தில் ஒரு வெட்டு. ஊசிமுனையால் மெல்ல அழுத்தினால் தயிர்க்கட்டி போலத் திரண்டு வெளியே வரும். அந்தக் கட்டியை எண்ணெயின் அடியிலேயே இழுத்துக்கொண்டு போய், சைக்ளோடெக்ஸ்ட்ரின் கலந்த துளிக்குள் விட வேண்டும். அசைக்கக் கூடாது, பிப்பெட்டால் கலக்கக் கூடாது. தானே கரைந்து பரவட்டும். புது விந்தணு சில நிமிடத்தில் பரவிவிடும். குளிரில் கிடந்தது சோம்பேறித்தனமாகப் பரவும், கட்டியாகவே நிற்கும். கெட்டுவிட்டது என்று நினைத்துவிடத் தோன்றும். காத்திருங்கள். 37 டிகிரியில் ஒரு மணி நேரம். அப்புறம் எட்டிப் பார்த்தால் துளியின் ஓரமெல்லாம் உயிர்.

அந்த ஓரத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். நடுவில் செத்தவையும் சோர்ந்தவையும் கிடக்கும். நன்றாக ஓடுபவை ஓரத்துக்கு வந்திருக்கும். அகலவாய் நுனியால் மூன்று மைக்ரோலிட்டர், மெதுவாக. முட்டைகள் காத்திருக்கும் 200 மைக்ரோலிட்டர் துளியில் விட்டேன். அந்தத் துளியில் குளூட்டாதயோன், ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிமோல் அளவில்.

குளூட்டாதயோனை அன்றன்று காலையில் எடைபோட்டுக் கரைக்க வேண்டும். கரைசலாக வைத்தால் காற்றுப்பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்து தானே கண்ணி போட்டுக்கொள்ளும். பிறகு யார் கண்ணியை அவிழ்க்கும்? இரண்டாம் சுற்றில் முந்தின வாரக் கரைசலைப் பயன்படுத்தி ஒரு தொகுதியை இழந்தோம். அதற்குப் பிறகு அந்தப் புட்டிமேல் தேதி எழுதாமல் யாரும் வைப்பதில்லை.

48 மணி நேரம் குளிரில் இருந்த காடா. மறுநாள் காலை எண்ணிக்கை. குளூட்டாதயோன் இல்லாத துளியில் பத்துக்கு ஒன்று. அதே காடா, அதே முட்டைகள், குளூட்டாதயோன் இருந்த துளியில் பத்துக்கு ஏழு. அன்றன்றே எடுத்த காடாவுக்குச் சமம். சந்தேகத்தில் மூன்று பேர் தனித்தனியாக எண்ணினோம். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அண்ணன், "எல்லாம் ரெண்டு ரெண்டா நிக்குதே" என்றார். திரையில் நிஜமாகவே வரிசையாக இரட்டை இரட்டையாக நின்றன, பிளந்த பருப்பு போல.

72 மணியில் கொஞ்சம் சரிந்தது. ஆனாலும் பத்துக்கு ஐந்து. வண்டி ஒரு நாள் தாமதித்தாலும் கைவிட வேண்டாம் என்ற தைரியம் அதில்தான் வந்தது.

எலி வளர்ப்பவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் ஒரு வார்த்தை. சுண்டெலியில் வந்ததை அப்படியே எலிக்கு எடுத்துப் போகாதீர்கள். எலி விந்தணுவின் வால் இன்னும் நீளம். குளிருக்கு மட்டுமல்ல, பிப்பெட்டில் இழுப்பதற்கும் சுழற்றுவதற்கும்கூட அது தாங்காது. எலிக்குத் தனியாக முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கிழவனின் முறை

ஜூன் முதல் வாரம் மிச்சமிருந்த அந்தக் கிழ ஆணின் காடாக்கள் வந்தன. இந்த முறை பொட்டலம் கட்டும் வழியைப் படமெடுத்து அனுப்பியிருந்தேன், ஜெல் பேக்கை எந்தத் தட்டில் வைக்க வேண்டும் என்பதுவரை. அனுப்பிய பெண் நள்ளிரவில் ஒரு செய்தி போட்டிருந்தாள்: "அக்கா, கட்டியாச்சு. கை நடுங்குச்சு."

44 மணி நேரத்தில் வந்தது. வெப்பப் பதிவியைக் கணினியில் செருகிப் பார்த்தேன். நான்கரையிலிருந்து ஏழு வரை, நடுவில் ஒரு மேடு. விமானநிலையத்தில் வெயிலில் நின்றிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒரு காடாவைக் கருவூட்டலுக்கு எடுத்துக்கொண்டேன். மற்றதை எடுத்து உறைய வைத்தோம். ராஃபினோஸ், பால்தூள், கூடவே குளூட்டமின். மெல்லிய ஸ்ட்ராவில் பத்து மைக்ரோலிட்டர், திரவ நைட்ரஜனின் ஆவியில் பத்து நிமிடம், பிறகு உள்ளே. குளிரில் வந்ததை மறுபடி உறைய வைக்கலாம் என்பது இந்த முறையின் பெரிய வரம். அனுப்புகிறவரிடம் வசதி இல்லாவிட்டாலும் பெறுகிறவர் சேமித்துக்கொள்ளலாம்.

கிழவனின் விந்தணு மெதுவாகத்தான் பரவியது. ஒரு மணி நேரம் முடிந்தும் துளியின் ஓரத்தில் கூட்டம் குறைவு. மூன்றுக்குப் பதில் ஐந்து மைக்ரோலிட்டர் எடுத்தேன். மறுநாள் பத்துக்கு நான்கு. குறைவுதான். ஆனால் முட்டை நிறைய இருந்ததால் கரு போதுமான அளவு கிடைத்தது. பொய்க்கர்ப்பத்தில், அதாவது கரு இல்லாமலே உடல் கர்ப்பத்துக்குத் தயாரான நிலையில், இருந்த மூன்று பெண் சுண்டெலிகளின் சினைக்குழாயில் அவற்றை வைத்தோம்.

பத்தொன்பதாம் நாள் விடிகாலை அண்ணன்தான் முதலில் பார்த்தார். கூண்டின் மூலையில், கூட்டுக்குள், செந்நிறமாக நெளிந்துகொண்டிருந்தன. வயிற்றில் வெள்ளைக்கோடு தெரிந்தது, பால் குடித்திருக்கின்றன. மூன்று தாய்களுக்கும் சேர்த்து பதினொன்று. மூன்று வாரம் கழித்து வாலில் துளி எடுத்து மரபணு சோதனை செய்தோம். ஆறில் அந்த மாற்றம் இருந்தது. அதில் ஆண் மூன்று. அனுப்பிய பெண்ணுக்கு முடிவின் படத்தை அனுப்பினேன். பதிலுக்கு அவள் எதுவும் எழுதவில்லை, தொலைபேசியில் கூப்பிட்டாள்.

இப்போது மூன்று ஆய்வகங்கள் இந்த வழியில் எங்களுக்கு அனுப்புகின்றன. விலங்கு ஏறிய வண்டி எங்கள் வாசலுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. அடுத்து டி.எம்.எஸ்.ஓ., குவர்செட்டின் சேர்த்து ஒரு வாரம்வரை நீட்டிப் பார்க்கிறோம். இன்று புதன்கிழமை. நடுத்தட்டில், இரண்டு தண்ணீர் பாட்டிலுக்கு நடுவில், வியாழன் அன்று வைத்த குழாய்கள் இரண்டு இருக்கின்றன. நாளை காலை அவற்றுக்கு ஏழு நாள் முடிகிறது. பெண்களுக்கு முதல் ஊசி திங்கள் மாலையே போட்டாயிற்று. இரண்டாவது ஊசி இன்று ஐந்து மணிக்கு.